வாட்டம், வடிகால், வரவேடு: பாலாற்றங்கரைக் காப்பகம் ஒன்று சீரான விதம்

பழைய வட ஆற்காட்டில், பாலாற்றை ஒட்டிய நகராட்சி ஒன்றின் உரக்கிடங்கு மூலையில் தெருநாய்க் காப்பகம் இருக்கிறது. அறுவை அரங்கு ஒன்று, சமையலுக்கு ஒரு சாய்ப்பு, தகரக் கூரையின் கீழ் நடுவில் நடைபாதை, இருபுறமும் 12 வீதம் 24 கூண்டுகள். கால்நடை மருத்துவர் வந்துகொண்டுதான் இருந்தார். ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் கூட்டமாக வந்தார்கள், ஊர் வணிகர்கள் அரிசி மூட்டை கொடுத்தார்கள். அப்படியும் குட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன. கருத்தடை அறுவை முடிந்த நாய்களுக்குத் தையல் சீழ் பிடித்தது. கோடை வந்தால் உண்ணி சுவரேறியது. நகராட்சி தன்னார்வலர்களைக் குறை சொன்னது, அவர்கள் நகராட்சியைக் குறை சொன்னார்கள்.

ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில், இதே குறைகளோடு காப்பகங்கள் பல ஊர்களில் உண்டு. இந்த ஆய்வில் கண்டதை முதலிலேயே சொல்லிவிடலாம்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, நாய் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வேலை யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் இரு தரப்பும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிய பிறகுதான் காப்பகம் திருந்தியது. அதற்கு முன் வந்த நன்கொடையும் உழைப்பும் பெரும்பாலும் வடிகாலோடு போயின.

தண்ணீர் ஓடிய வழி

கூண்டு ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 6 அடி நீளம். பின்சுவரை ஒட்டி, கூண்டுகளுக்குள்ளேயே ஒரு சிறு வாய்க்கால். ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் துளை. முதல் கூண்டைக் கழுவிய தண்ணீர் இரண்டாவது கூண்டுக்குள் போகும், அங்கிருந்து மூன்றாவதுக்கு, இப்படிப் பன்னிரண்டாவது வரை. வாசலுக்குப் பக்கம் என்பதால் புதிதாகப் பிடித்து வரும் நாய்களை முதல் கூண்டில்தான் விடுவார்கள். ஒரு குட்டி பார்வோ என்ற தொற்றுக் கழிச்சல் நோயோடு வந்தால் அன்று காலையே வரிசை முழுவதற்கும் அது பங்கிடப்பட்டுவிடும். தடுப்பூசி சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று இரண்டு தரப்பும் மாறி மாறித் தேடிய காரணம் சுவரின் அடியில் இருந்தது.

பார்வோ வைரஸ் மேலுறை இல்லாதது, அதனால் எளிதில் அழியாது. ஈரமும் அழுக்கும் உள்ள தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாந்தி, இரத்தக் கழிச்சல் வெளியே தெரிய பொதுவாக 4 முதல் 7 நாள் ஆகும், சில குட்டிகளுக்கு இரண்டு வாரம் வரைகூட. நோய் தெரியும் முன்பே கழிவில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுவதால், நன்றாக விளையாடும் குட்டியின் கூண்டும் பாதுகாப்பானது அல்ல.

சீரமைப்பில் முதல் வேலை தடுப்புச் சுவர்த் துளைகளை கான்கிரீட் வைத்து அடைத்தது. பிறகு ஒவ்வொரு கூண்டின் பின்சுவரிலும் தனித்தனியே 4 அங்குல பி.வி.சி. குழாய் பதித்து, சுவருக்கு வெளியே 9 அங்குல அகலத்தில் வடிகால் கட்டி, மேலே கடப்பா கல் பலகை போட்டார்கள். பலகையைச் சிமென்ட் வைத்து ஒட்டக்கூடாது. நாய் முடி சேர்ந்து அடைக்கும்போது தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வடிகால் முடியும் இடத்தில் முடியைப் பிடிக்க ஒரு கம்பிக் கூடை, அதற்கப்பால் கழிவுநீர்த் தொட்டி, பிறகு உறிஞ்சு குழி. மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிடலாம் என்ற யோசனையைத் துப்புரவு ஆய்வாளர் மறுத்தது சரியான முடிவு. அந்தக் கால்வாய் ஆற்றுக்குத்தான் போகிறது, ஆற்று மணலில்தான் ஊரின் குடிநீர்க் கிணறுகள்.

தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். ஆறடிக் கூண்டுக்கு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். நகராட்சி மதிப்பீட்டில் "தரை செப்பனிடுதல்" என்று மட்டும் எழுதினால் கொத்தனார் மட்டப் பலகை வைத்துச் சமமாகத்தான் பூசுவார், அவர் மேல் தவறில்லை. அதனால் திருத்திய மதிப்பீட்டில் முன்மட்டம், பின்மட்டம் இரண்டும் எண்ணாக எழுதப்பட்டன. பில் போடும் முன் ஒவ்வொரு கூண்டிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்காவது தேங்கி நின்றால் அந்தக் கூண்டைக் கொத்தி மறுபடி பூச வேண்டும்.

முதலில் முடித்த நான்கு கூண்டுகளில் சிமென்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஈரத்தில் நாய்கள் கால் பரப்பி விழுந்தன, விபத்தில் காலிழந்த நாய்களால் எழவே முடியவில்லை. மற்ற கூண்டுகளில் பூச்சு காயும் முன் தென்னந்துடைப்பத்தால் வடிகால் பக்கமாகக் கோடு இழுத்தார்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளை உருட்டிப் பூசினார்கள், இல்லையென்றால் அழுக்கு அந்த மூலையில்தான் தங்கும். டைல்ஸ் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இணைப்புகள் ஆறே மாதத்தில் விட்டுப்போய் அடியில் சிறுநீர் இறங்கும். பூசிய தரைக்கு ஏழு நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும் என்பதால் நான்கு நான்கு கூண்டாகக் காலி செய்து வேலை நடந்தது. அந்த நாட்களில் புதிதாக நாய் பிடிப்பதை நகராட்சி நிறுத்தி வைத்தது. வார்டு உறுப்பினர்கள் பிடிக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தபோதும் ஆணையாளர் இதில் உறுதியாக நின்றது பெரிய உதவி.

பணம் "நமக்கு நாமே" திட்டத்தில் வந்தது. மக்கள் பங்காக மூன்றில் ஒரு பாகத்தைத் தன்னார்வலர்கள் வணிகர்களிடம் திரட்டிக் கட்டினார்கள், மீதியைத் திட்டம் கொடுத்தது. கட்டுமானத்துக்கு இந்த வழி நல்லது. மருந்துக்கும் அரிசிக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கழுவும் முறை

முன்பு நகராட்சி மொத்தக் கொள்முதலில் வாங்கிய பினாயிலைத்தான் ஊற்றிக் கழுவினார்கள். பினாயில் மணம் வந்தால் சுத்தம் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. அது பார்வோவைக் கொல்லாது. பினால் கலந்த வகைகள் நாய்க்கு ஆகாது, பூனைக்கு நஞ்சு. இப்போது ப்ளீச்சிங் பவுடர்தான். அது நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் எப்போதும் இருக்கும் பொருள், தனியாக வாங்க வேண்டியதில்லை.

கூண்டைக் கழுவும் வரிசை மாறக்கூடாது. நாயை வெளியே எடுத்து, கழிவை முதலில் உலர்வாக அள்ள வேண்டும். பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலச வேண்டும். அதன் பிறகுதான் ப்ளீச்சிங் கரைசல்: 10 லிட்டர் வாளிக்கு 60 கிராம் பவுடர், கரைத்துத் தெளிய விட்டு மேல்நீரை மட்டும் ஊற்றி 10 நிமிடம் நிற்க விட வேண்டும். கடைசியில் நன்றாக அலசித் தள்ளி உலர்த்த வேண்டும். அழுக்கின் மேலேயே கரைசலை ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், வைரஸ் மிஞ்சும். தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான், அவசரத்தில் இரண்டாம் படியை விட்டுவிடுவார்கள்.

60 கிராம் என்ற கணக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. திறந்த மூட்டை வேலூர் வெயிலில் சில வாரம் கிடந்தால் பாதி வீரியம் போய்விடும். அதனால் 25 கிலோ மூட்டையை வந்த அன்றே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்து நிழலில் வைக்கிறார்கள். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் ஆசிட் பாட்டில் காப்பக வளாகத்துக்குள்ளேயே அனுமதி இல்லை.

ஒரு கூண்டுக்குக் கழுவ 20 லிட்டர், ஒரு நாய்க்குக் குடிக்கக் கோடையில் 2 லிட்டர் என்று வைத்தால், சமையலும் அறுவை அரங்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டரைத் தொடும். லாரி ஒருநாள் வராமல் போனாலும் தாங்க 2,000 லிட்டர்த் தொட்டி வைத்தார்கள். அள்ளிய கழிவு நகராட்சியின் நுண்ணுர மையத்துக்குப் போகாது. நாய்க் கழிவில் உள்ள புழு முட்டைகள் உரத்தோடு வயலுக்குப் போய்விடும். அதற்கென மூடியோடு தனிக் குழி உண்டு.

உள்ளே வரும் வழி

30 அடி தள்ளியிருந்த பழைய சாமான் அறையை நான்கு கூண்டுள்ள தனிமைக் கூடமாக மாற்றினார்கள். அதற்குத் தனி வடிகால், தனித் துடைப்பம், தனி வாளி, தனி ரப்பர் செருப்பு. எல்லாம் சிவப்பு நிறம். சிவப்பு வாளி பொதுக் கூடத்தில் தென்பட்டால் அன்றே கேள்வி கேட்கலாம். தனிமைக் கூட வேலையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். அங்கே நுழைந்தவர் அன்று மறுபடி குட்டிகளைத் தொடக்கூடாது. ஆசையாகத் தூக்கிக் கொஞ்ச வருபவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது.

வண்டியிலிருந்து இறக்கும்போதே கழுத்தில் எண் அட்டை, சிலேட்டில் எண்ணும் இடமும் எழுதி ஒரு படம். வரவேட்டில் வார்டு எண் மட்டும் எழுதினால் போதாது. தெரு, பக்கத்தில் உள்ள கடை அல்லது கோயில், பிடித்த நேரம் மூன்றும் வேண்டும். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. இரண்டு தெரு தள்ளி விட்டாலும் அங்குள்ள கூட்டம் துரத்தும். தன் தெருவைத் தேடி ஓடும் நாய் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கப் பார்த்து அடிபட்டுச் சாகும். தெருவில் சோறு வைப்பவர்களைத் தன்னார்வலர்கள் வார்டு வாரியாகப் பட்டியல் எடுத்து வைத்திருக்கிறார்கள். பிடிக்கும் குழு இப்போது அவர்களில் ஒருவரை உடன் அழைத்துப் போகிறது. பால் கொடுக்கும் தாயைப் பிடித்துவந்து, குட்டிகள் சாக்கடையில் பட்டினி கிடந்து சாகும் கொடுமை இதனால் நின்றது.

வந்தவுடன் டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் நோய்), பார்வோ உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்படுகின்றன. குட்டிகளுக்கு ஆறு வார வயதிலிருந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை கூட்டுத் தடுப்பூசி தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை மழுங்கடிக்கும் காலம் அது, ஒரே ஊசியோடு விட்டால் பலன் தெரியாது. தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும், உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். நடுத்தட்டுதான் இடம். பக்கத்தில் ஒரு வெப்பமானி, காலை மாலை குறிப்பு.

வெறிநோய் ஐயமுள்ள நாய்க்கு இரட்டைக் கதவுக் கூண்டு ஒன்று தனியே உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்தது வெறிகொண்டு பாயும் வகை. வாதம் போல ஒடுங்கும் வகைதான் ஆளை ஏமாற்றும். தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து இரக்கத்தோடு வாயில் கையை விடுவார்கள். காப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் ஒரே விதி இதுதான்: தாடை தொங்கும் நாயின் வாயில் யாரும் கை விடக்கூடாது, மருத்துவரை அழைக்க வேண்டும்.

நாயைத் தொடும் அனைவருக்கும், ஒருநாள் மட்டும் வரும் கல்லூரி மாணவர் நீங்கலாக, முன்தடுப்பு ஊசி கட்டாயம்: முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். மாணவர்களுக்கு நாயைத் தொடாத வரவேடு, படம், தத்து வேலைதான். ஊசி போட்டவரானாலும் கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் மேலும் இரண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் வழக்கம் தூய்மைப் பணியாளர்களிடம் இருந்தது. சோப்பும் குழாயும் கூண்டு வாசலிலேயே வந்த பிறகு அது குறைந்தது.

சாப்பாடு

கல்யாண மண்டபங்களில் மீந்த பிரியாணி வண்டி வண்டியாக வரும். கொடுப்பவர் மனம் நல்லது. ஆனால் அதில் உள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும், எண்ணெயும் மசாலாவும் கழிச்சல் தரும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். இன்னொன்று, தினம் ஒரு சாப்பாடு என்று மாறினால் பாதி நாய்களுக்கு எப்போதும் கழிச்சல் இருக்கும். அதில் பார்வோவால் வரும் கழிச்சல் எது என்று காலையில் கூண்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே சாப்பாடு என்று ஆன பிறகுதான் கழிச்சலைக் கண்டதும் தனிமைக் கூடத்துக்கு மாற்றுவது நடைமுறைக்கு வந்தது.

40 நாய்க்கு ஒருநாள் அளவு: அரிசி 5 கிலோ, கோழித் தலையும் காலும் 6 கிலோ, பூசணி அல்லது கேரட் 2 கிலோ, உப்பில்லை. கோழிக் கழிவைக் குக்கரில் எலும்பு மாவாகக் குழையும்வரை வேகவிட வேண்டும். 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு இது போதும். மெலிந்து வருபவை, பால் கொடுப்பவைகளுக்கு மட்டும் ஒன்றரைப் பங்கு. மண்டபங்களிடம் இப்போது வெறும் சாதம் கேட்டு வாங்குகிறார்கள்.

கோடையும் உண்ணியும்

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எட்டடி உயரத் தகரக் கூரை அடுப்பைப் போலக் காயும். தன்னார்வலர்கள் முதலில் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். குளிர்ச்சி வந்தது, கூடவே எலியும் உண்ணியும் வந்தன, பக்கத்தில் குப்பை எரிந்தால் தீப்பொறி பயம் வேறு. கீற்றை எடுத்துவிட்டு, தகரத்தின் மேல் வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு, கீழே அரையடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி, சுவரின் மேல் இரண்டடியை உடைத்து வலை என்று மாற்றினார்கள். சூடான காற்று வெளியேற இடமில்லாமல் மின்விசிறி மட்டும் போட்டால் அதே அனலைத்தான் சுழற்றும். வெப்பத்தில் மயங்கிய நாய்க்கு ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் பாதத்திலும் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, உடல் வெப்பம் 39.5 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

சுற்றுச்சுவர் மலைக்கல் கட்டு. கல்லிடுக்கு உண்ணிக்குத் தொட்டில். ஒரு பெண் உண்ணி இரத்தம் குடித்து இறங்கி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, கூண்டுச் சுவரைக் கூரைவரை பூசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று சுற்று மருந்து தெளித்தார்கள். அன்றே நாய்களுக்கும் மருந்து. சைபர்மெத்ரின் போன்ற உண்ணி மருந்துகள் பூனைக்கு நஞ்சு என்பதால் பூனைக் கூண்டுகள் முன்னரே வேறு கட்டடத்துக்குப் போயின.

ஒரே தாள்

நகர்மன்றத் தீர்மானத்தோடு இணைத்த ஒப்பந்தத்தின் முக்கியமான பக்கம் ஒரு அட்டவணை. மின்கட்டணம், தண்ணீர் லாரி, இரண்டு தூய்மைப் பணியாளர், வண்டி டீசல் நகராட்சிக்கு. காலை 6 முதல் 8 வரை இரண்டு ஆள், வரவேடு, தத்து, அரசு மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்து தன்னார்வலர்களுக்கு. அறுவை, மயக்க மருந்துப் பெட்டிச் சாவி, கருணைக்கொலை பற்றிய முடிவு மருத்துவருக்கு மட்டும். ஒரு வேலைக்கு இரண்டு பெயர் எழுதக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். முன்பு ஞாயிறு காலைப் பூட்டைத் திறப்பது "இருவரும்" செய்ய வேண்டிய வேலையாக இருந்தது, பொங்கல் விடுமுறையில் மதியம்வரை யாரும் திறக்கவில்லை.

தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள். ஞாயிறு இருபது பேர் வருவதை விடப் புதன்கிழமை இருவர் வருவதுதான் காப்பகத்தை நடத்துகிறது. வர முடியாதவர் தானே மாற்று ஆள் சொல்ல வேண்டும். விதிகளின்படி அமைய வேண்டிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு மாதம் ஒருமுறை காப்பகத்திலேயே கூடுகிறது. நகராட்சி அலுவலகத்தில் கூடினால் கோப்பைப் பற்றித்தான் பேச்சு போகும். இங்கே வடிகாலைத் திறந்து பார்க்க முடிகிறது.

இன்னும் முடியாதது

அறுவைக்கு இத்தனை ரூபாய் என்று நாய்க் கணக்கில்தான் பணம் வருகிறது. அறுவைக்குப் பின் நான்கைந்து நாள் தங்கிப் போகும் நாய்க்கு அது பொருந்தும். கால் ஒடிந்தது, கண் தெரியாதது, வயதானது ஆகியவற்றுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. அவற்றைத் தன்னார்வலர்கள்தான் தாங்குகிறார்கள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்த வேலூர், காட்பாடிப் பக்கம் இதன் சுமை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த நாய்கள் இருக்கும் கூண்டு காலியாகாது. ஒவ்வொரு நிரந்தர நாயும் கருத்தடைக்கு ஒரு கூண்டைக் குறைக்கும். கருத்தடை குறைந்தால் தெருவில் குட்டிகள் பெருகும். பிடிக்க வேண்டிய நாய் இன்னும் கூடும்.

அதனால் தங்கும் நாய்களுக்கு 24 கூண்டில் இடம் கொடுப்பதில்லை என்று குழு முடிவெடுத்திருக்கிறது. நாலுக்கு ஆறடிக் கூண்டில் ஆண்டுக்கணக்கில் ஒரு நாயை அடைப்பது கொடுமையும் ஆகும். உரக்கிடங்கின் மேற்கு எல்லையில் 20-க்கு 30 அடி அளவில் திறந்தவெளி அடைப்புகளுக்கு மதிப்பீடு தயாராகியிருக்கிறது: ஒன்றில் எட்டு நாய்க்கு மேல் இல்லை, முடிந்தவரை ஒரே வளாகத்து நாய்கள் சேர்ந்து இருக்கும், பாதிப் பரப்புக்குக் கூரை, மீதி மண்தரை, இரண்டு வேம்பு. வேலி ஏழடி உயரம், அடியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு கான்கிரீட். பராமரிப்புக்கான ஆண்டுச் செலவை அறுவைக் கணக்கோடு கலக்காமல் தனித் தலைப்பில் வைக்க வேண்டும் என்று தன்னார்வலர்கள் கேட்டிருக்கிறார்கள். நகர்மன்றம் அதை இன்னும் ஏற்கவில்லை.